தினம் பத்து ரூபாய் வெளிச்சம்

பி.காம். படித்தவனிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் காகிதம் எடுத்து வட்டி போட ஆரம்பித்துவிடுவான். நான் அந்த ரகம்.

எங்கள் பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டியில் பூ விற்கும் அக்கா, சாயந்திரமானால் ஒரு பாட்டரி விளக்கை வாடகைக்கு எடுப்பார். தினம் பதினைந்து ரூபாய். ஒருநாள், "சோலார் லைட்டு வாங்கலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

போட்டேன் கணக்கு. வாடகை மாதம் 450 ரூபாய். விளக்கும் சின்னப் பேனலும் சேர்த்து விலை 3,000. மாதம் 300 தவணை கட்டினால் பத்தே மாதத்தில் விளக்கு சொந்தம். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கக்கா!"

"முந்நூறு ரூபா ஒண்ணா எங்கையில தங்கினா, நான் எதுக்குத் தம்பி வாடகை லைட்டு எடுக்கறேன்?"

மூன்று வருஷம் படித்த காமர்ஸ், ஒரு முழக் கேள்வியில் வாடிப்போனது.

இதே பாடத்தை ஐ.ஐ.டி.யில் படித்தவரும் தெருவில்தான் கற்றிருக்கிறார். 1995-ல் பெங்களூரில் 'செல்கோ' சூரிய விளக்குக் கம்பெனியைத் தொடங்கிய ஹரிஷ் ஹாண்டேதான் அவர். மாதம் 300 ரூபாய் கஷ்டம், தினம் 10 ரூபாய் என்றால் சரி என்று ஒரு தெரு வியாபாரி தனக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவரே சொல்வார். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வாழ்ந்து பார்த்தால் வேறு. அந்தக் கம்பெனி கிராம வங்கிகளைப் பிடித்து, வாடிக்கையாளரின் வரும்படிக்கு ஏற்பத் தவணையை வெட்டித் தைத்தது. ஹாண்டேக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது.

வெயில் இலவசம்தான். ஆனால் சோலார் என்பது வருஷக்கணக்கான கரண்ட் பில்லை முதல் நாளே கட்டுகிற சமாசாரம். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு மொட்டை மாடி வேண்டும். அக்காவுக்கு வண்டிதான் மாடி.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் பங்கர் ராய் 1972-ல் தொடங்கிய 'வெறுங்கால் கல்லூரி' இன்னும் கெட்டி. மண்ணெண்ணெய், மெழுகுவத்தி, டார்ச் பாட்டரிக்கு ஒரு குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்து, அதையொட்டியே சோலாருக்கு மாதக் கட்டணம் வைக்கிறது கிராமக் கமிட்டி. ரிப்பேர் பார்ப்பது அங்கே பயிற்சி பெற்ற, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார். அவர்கள் சம்பளமும் அந்தக் கட்டணத்திலிருந்துதான்.

இந்த ஞானத்தோடு விளக்குக் கடைக்குப் போனேன். "தினம் பத்து ரூபா வசூலிக்க ஆள் போட்டா, அவன் சம்பளம் யார் சார் குடுக்கறது?" என்றார் கடைக்காரர். நியாயம்தான். அந்த ஸ்டாப்புக்கு தினம் சாயந்திரம் சம்பளம் வாங்காமல் போகிற ஆள் யார் என்று யோசித்தேன். டீ குடிக்கப் போகிற நான்தான்.

விளக்கை நானே வாங்கிக் கொடுத்தேன். இன்றோடு 41 நாள். இரண்டு நாள் மழை, வசூல் இல்லை. "மழையில யாரு தம்பி பூ வாங்கறா?" வராக்கடனில் எழுதவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல். பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பக் கூச்சமாக இருக்கிறது. முப்பது ரூபாய்க்குப் பூ வாங்கிவிடுகிறேன். "தினம் பூவோட வர்ற அளவுக்கு என்ன தப்புப் பண்ணிட்டீங்க?" என்கிறாள் மனைவி.

யார் யாருக்குத் தவணை கட்டுகிறார்கள் என்று ஆடிட்டர் யாராவது சொன்னால் தேவலை. வெளிச்சம் மட்டும் அக்காவுடையது.