ஜெனரேற்றர் வாங்குமுன் அளந்து பார்ப்போம்

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது நாம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். எதற்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் துளித் துளியாக அளந்து வாழ்ந்த மக்கள் நாம்.

இன்று மீளக்குடியேறிய பல வீடுகளுக்கு மின்கம்பி வந்துவிட்டது. ஆயினும் கம்பியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் அனுபவம் எமக்குக் கற்றுத் தந்துள்ளது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருண்டது. ஒரு குரங்கே அதற்குக் காரணம் என்று அமைச்சர் விளக்கமளித்தார். எனவே, "சுவாமி, ஒரு ஜெனரேற்றர் எடுக்கப்போகிறோம். எந்தப் பருமன் நல்லது?" என்று எமது குடும்பங்கள் கேட்பதில் வியப்பில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் பதில் கடையில் இல்லை. எமது வீட்டில்தான் இருக்கிறது.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடைவு வைத்து 5 கேவிஏ இயந்திரம் ஒன்றை வாங்கியது. "பெரிசாக எடுத்தால் பிறகு கவலையில்லை" என்று சொன்னவர்கள் பலர். அந்த வீட்டில் எரிந்தவை ஐந்து மின்குமிழ்களும், இரண்டு மின்விசிறிகளும், ஒரு குளிர்சாதனப் பெட்டியுமே. பெரிய இயந்திரம் சிறிய வேலை செய்தாலும் தன் வயிற்றுக்கு வேண்டியதைக் குடித்தே தீரும். மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் பெற்றோல் போயிற்று. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்தபின் இயந்திரம் கொட்டிலில் கிடந்தது. அடைவு வட்டி மட்டும் நில்லாமல் ஓடியது.

இன்னொருவர் மலிவு என்று மிகச் சிறியதை வாங்கிக் கிணற்று மோட்டரைப் பூட்டினார். ஜெனரேற்றர் திணறியது, மின்னழுத்தம் விழுந்தது, மோட்டரின் சுருள் எரிந்தது. இருவரும் செய்த தவறு ஒன்றே: வாங்குமுன் அளக்கவில்லை.

அளப்பது கடினமான காரியமல்ல. ஒரு கொப்பித் தாளை எடுத்து, மின்சாரம் இல்லாதபோது கட்டாயம் வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று 9 வாற், ஐந்துக்கு 45. மின்விசிறி ஒன்று 70 வாற், இரண்டுக்கு 140. தொலைக்காட்சி 60, தொலைபேசிகள் 20, குளிர்சாதனப் பெட்டி 150. கூட்டினால் 415 வாற். குளிர்சாதனப் பெட்டி தொடங்கும் கணத்தில் தன் அளவைப்போல் மூன்று, நான்கு மடங்கு இழுக்கும். அதையும் சேர்த்தால் 865 வாற். ஆகவே இந்த வீட்டுக்கு 1 முதல் 1.5 கிலோவாற் வரையான இயந்திரம் போதும். மின்கேத்தலையும் அழுத்தியையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை ஒவ்வொன்றும் 1000 வாற்றுக்கு மேல் இழுக்கக்கூடியவை. தேநீருக்கு அடுப்பு இருக்கிறது.

கணக்கைப் புரட்டிப்போடுவது கிணற்று மோட்டரே. ஒரு குதிரைவலு என்பது 746 வாற். ஆனால் மோட்டர் உள்ளே இழுப்பது ஏறத்தாழ 1000. தொடங்கும்போது 3000 வரை போகலாம். அரைக் குதிரைவலு மோட்டருக்கு 2 கிலோவாற் இயந்திரம் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். மோட்டர் ஓடும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தி வைத்தால் ஒரு பருமன் குறைவாகவே வாங்கலாம். தோட்ட இறைப்புக்கு மண்ணெண்ணெய்ப் பம் ஏற்கெனவே இருக்குமானால் அதையே பழுதுபார்த்து வைத்திருங்கள். எரிபொருளை மின்சாரமாக்கி, மின்சாரத்தால் மோட்டரைச் சுழற்றுவது சுற்றுவழி. அதில் நட்டம் அதிகம்.

கடையில் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு எது என்று கேளுங்கள். கேவிஏ என்று எழுதியிருந்தால் பொதுவாக 0.8ஆல் பெருக்குங்கள்: 3 கேவிஏ என்பது 2.4 கிலோவாற். அதிலும் முக்கால் பங்குக்குமேல் நெடுநேரம் சுமத்தாதீர்கள்.

காணி இன்னும் விடுவிக்கப்படாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்போருக்கு இன்னொரு சொல். நாளை மீண்டும் இடம் மாறவேண்டி வரலாம். சிறிய இயந்திரத்தை ஒருவர் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோவார். 5 கேவிஏயை இருவர் தூக்கவும் சிரமம்.

எந்தப் பருமனாயினும் இரு விடயங்களில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். அதை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஓட்டக்கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். யன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியில் வையுங்கள். அடுத்து, மாற்று ஆளி பூட்டாமல் வீட்டு இணைப்பில் மின்சாரத்தைச் செலுத்தாதீர்கள். அது வெளிக் கம்பிக்குப் பாய்ந்தால், கம்பத்தில் ஏறித் திருத்துகின்ற தொழிலாளியின் உயிர் போகும். அவருக்கும் ஒரு குடும்பம் உண்டு.

எமது கருத்து இதுதான்: தனியொரு குடும்பம் கடன்பட்டுப் பெரிய இயந்திரம் வாங்குவது வேண்டாம். வீட்டு வெளிச்சத்துக்குச் சிறியது போதும். பெரியது உண்மையிலேயே தேவையானால் அதை ஒழுங்கையில் உள்ள நாலைந்து குடும்பங்களோ கமக்காரர் அமைப்போ சேர்ந்து வாங்கட்டும். முறை வைத்துக் கிணறுகளை இறைக்கலாம். எரிபொருளை அவரவர் கொண்டுவரலாம். திருத்தச் செலவுக்கு மாதந்தோறும் ஒரு சிறுதொகை சேர்க்கலாம். முகாம்களில் ஒரே குழாயடியில் வரிசை வைத்துத் தண்ணீர் பங்கிட்ட எமக்கு இது புதிய பாடமல்ல.

கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை இயேசு ஓர் உவமையால் உணர்த்தினார். ஜெனரேற்றருக்கும் அது பொருந்தும். போரில் இழந்தவை எம் கையில் இருக்கவில்லை. எஞ்சிய நகையையும் காணி உறுதியையும் காப்பது எம் கையில்தான் இருக்கிறது. முதலில் தாளையும் பேனையையும் எடுப்போம். கடைக்குப் பிறகு போவோம்.