பவுண்டரி வாட்டர்ஸ் முகாம் இடங்களில் தன்னார்வலர் பணி: எங்கள் நிலைப்பாடு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகிழக்கு ஓரத்தில், கனடா எல்லையை ஒட்டி, சுப்பீரியர் தேசிய வனத்துக்குள் 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் என்ற வனாந்தரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், அவற்றின் கரைகளில் 2,000-க்கும் மேற்பட்ட முகாம் இடங்கள். கேனோவில் துடுப்புப் போட்டு, ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே அந்தப் படகையே தோளில் சுமந்து நடந்து போய்ச் சேர வேண்டிய இடங்கள் அவை. அங்கே நடைபாதைகளின் நீளத்தை இன்றும் ‘ராட்’ கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கேனோவின் நீளம். இவ்வளவு தொலைவில் உள்ள இடங்களைப் பராமரிப்பதில் தன்னார்வலர்களுக்குப் பங்கு இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, இருக்க வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் பதில். ஆனால் அந்த வேலையின் நோக்கம் முகாமுக்கு வசதி கூட்டுவதாக இருக்கக் கூடாது. முகாம் இடம் விரியாமல் தடுப்பதே நோக்கமாக இருக்க வேண்டும்.

காரணம் அந்த நிலத்திலேயே இருக்கிறது. பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன பழம்பாறையின் மேல் மண் மெல்லிய போர்வையாகத்தான் படிந்திருக்கிறது. நூறு பேர் நடந்தால் வேர் வெளியே தெரியும். மழை பெய்தால் மிதிபட்ட மண் ஏரிக்குள் இறங்கும். 1982-இல் அளந்த முகாம் இடங்களை ஆய்வாளர்கள் 2014-இல் திரும்பப் போய் அளந்தபோது, மரங்கள் குறைந்திருந்தன, மண் கரைந்திருந்தது. இந்தச் சேதத்தை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கழிப்புக்குழி நிரம்பிவிட்டால் அடுத்து வருபவர் காட்டுக்குள் போகிறார்; நாலு பேர் போனால் புதிய தடம் விழுகிறது. கூடாரம் போடும் சமதளம் சேறானால் அடுத்த கூடாரம் புதருக்குள் நகர்கிறது. யாரோ கல் அடுக்கி இரண்டாவது அடுப்பு மூட்டினால் அதைச் சுற்றி இன்னொரு திடல் உருவாகிறது. ஆகவே புதுக் குழி தோண்டி, குழிமேல் நிற்கும், கூரையும் சுவரும் இல்லாத கழிப்பிருக்கையை நீரை விட்டுத் தள்ளி நகர்த்துவதும், கூடுதல் அடுப்புகளைக் கலைத்து வனத்துறை பதித்த இரும்பு அடுப்புத் தட்டியை மட்டும் விட்டுவைப்பதும், கள்ளத் தடங்களின் மேல் காய்ந்த கிளைகளைப் பரப்பி மூடுவதும்தான் நாங்கள் சொல்லும் பராமரிப்பு. யாரோ ஆணியடித்து நிறுத்திய மேசையைப் பிரித்து எடுப்பதும் அதில் சேரும்.

சேதமான இடங்களை மூடிவிட்டு வேறிடம் திறந்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான், ஆனால் கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. டேவிட் கோல் போன்ற சூழலியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகள் காட்டுவது இது: புதிய இடத்தில் பெரும்பகுதிச் சேதம் முதல் சில தங்கல்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது, மீள்வதற்கோ மிக நீண்ட காலம் பிடிக்கிறது. இடத்தை மாற்றிக்கொண்டே போனால் காயங்கள்தான் பெருகும். 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் (Wilderness Act) இந்த நிலத்தை மனிதக் கை படாமல் விடச் சொல்லவில்லையா என்பது இன்னொரு வாதம். அந்தச் சட்டம் பொதுவாக மோட்டார்க் கருவிகளை விலக்குகிறது, கைவேலையை விலக்கவில்லை. விழுந்த மரத்தை இருவர் இழுக்கும் ரம்பத்தால் அறுப்பது மெதுவான வேலை. அந்த நிதானமே நல்லது. ஒரு மரத்தை அறுக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க அது நேரம் தருகிறது.

எங்களை உண்மையில் உறுத்தும் ஆட்சேபம் வேறு. மக்கள் இலவசமாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தால், சம்பளத்துக்கு ஆள் வைக்கும் பொறுப்பை அரசு கைகழுவிவிடும் என்கிறார்கள் பலர். 2025-இல் அமெரிக்க வனத்துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததைப் பார்த்த பிறகு இந்த அச்சத்தை வீண் என்று ஒதுக்க முடியாது. தன்னார்வலர் ஒரு வாரம் வருவார், அடுத்த ஆண்டு வராமலும் போவார். எந்தக் குழி எப்போது தோண்டியது, எந்தக் கரை எவ்வளவு கரைந்தது என்ற நினைவு ஒரு வனக்காவலரிடம்தான் தொடர்ச்சியாக நிற்கும். விதிமீறலுக்கு அபராதம் போடும் அதிகாரமும் தன்னார்வலருக்குக் கிடையாது. மேலும் இவை பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய கரைகள். அமெரிக்க அரசோடு 1854-இல் செய்த ஒப்பந்தத்தால் வேட்டை, மீன்பிடி உரிமைகள் அவர்களுக்கு உறுதியானவை. எங்கே மண்வெட்டி விழலாம், எங்கே விழக்கூடாது என்பதை விடுமுறைக்கு வந்த ஒருவர் தீர்மானிக்கக் கூடாது. 1972 முதல் தேசிய வனங்களில் தன்னார்வலர்களை ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டம் கைகளைச் சேர்க்க வந்தது, ஆட்களைக் குறைக்க வந்ததல்ல என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

எனவே வனத்துறை குறித்துக் கொடுக்கும் வேலையை மட்டும், அதன் சான்று பெற்ற ரம்பக்காரர்களோடு, கைக்கருவிகளால் செய்யும் குழுக்களையே நாங்கள் ஆதரிக்கிறோம். ஒரு தன்னார்வலர் மணிநேரம்கூட, ஒரு காவலர் பதவியை நீக்குவதற்கான கணக்கில் எழுதப்படக் கூடாது என்று மினசோட்டாவின் மக்கள் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் கோடையில் துடுப்பெடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: இருக்கிற அடுப்பிலேயே தீ மூட்டுங்கள், இருக்கிற தடத்திலேயே நடங்கள், கூடாரத்தைத் தேய்ந்த மண்ணிலேயே போடுங்கள்.