காயலாங்கடைக்குப் போகிற டிரான்ஸ்பார்மரில் ஒன்றை நமக்குக் கேட்போம்!



வழக்கமா இந்தச் சுவர்ல மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம்னுதான் எழுதுவோம். நான் இந்தத் தடவை டிரான்ஸ்பார்மரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. முழுசா படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

நம்ம ஊரில் ஒரு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் என்ன ஆகிறது? லாரி வரும், செயின் போட்டு இறக்குவாங்க, வேறொன்றை ஏற்றுவாங்க. அதோடு நாம் மறந்துடுவோம். இறக்கினதை ரிப்பேருக்கு அனுப்பி, புதுசா காயில் கட்டி, எண்ணெயை வடிகட்டித் திரும்பவும் பயன்படுத்துவாங்க. இனிமே தேறாது என்று முடிவானது ஏலத்துக்குப் போகும். செம்பு தனி, இரும்பு தனி என்று உடைத்து உருக்கிவிடுவாங்க. அதில் தப்பே இல்லை. செம்பு விலை உயர்ந்த பொருள், அதை வீணாக்கக் கூடாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அப்படிப் போகிறதில் மாவட்டத்துக்கு ஒன்றையாவது உடைக்காமல் எடுத்து வைத்து, மாணவர்கள் பார்க்கும்படி செய்யணும்.

எதற்கு? காரணங்களைச் சொல்கிறேன்.

புத்தகப் படமும் நிஜமும்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மின்மாற்றி பாடம் இருக்கு. படத்தில் ஒரு சதுர வளையம், இடது பக்கம் முதன்மைச் சுருள், வலது பக்கம் துணைச் சுருள். மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடலாம். ஆனால் ரோட்டோரம் இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் நிற்கிற சாம்பல் நிறப் பெட்டிக்குள்ளே இதுதான் இருக்கு என்று யாராவது நம்புவாங்களா?

உண்மையில் உள்ளே அந்தப் படம் மாதிரியே இருக்காது. மூன்று ஃபேஸுக்கு மூன்று இரும்புத் தூண்கள் இருக்கும். ஒவ்வொரு தூணிலும் தடித்த கம்பியில் குறைந்த சுற்று உள்ளே இருக்கும், மெல்லிய கம்பியில் அதிகச் சுற்று அதன்மேலே இருக்கும். இரண்டு சுருளும் ஒன்றுக்குள் ஒன்று! அந்த இரும்பும் ஒரே கட்டி கிடையாது. சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகளை நோட்டுப் பக்கம் மாதிரி அடுக்கியிருப்பாங்க. ஒரே கட்டியாக இருந்தால் இரும்புக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று சூடாகிவிடும்.

எங்க மாமா மோட்டார் காயில் கட்டுற கடை வைத்திருக்கார். அங்கே ஒரு வெல்டிங் மெஷின் டிரான்ஸ்பார்மரைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். தகடு தகடாக எடுத்துக் கையில் வைத்துப் பார்த்த அந்த ஐந்து நிமிஷத்தில் புரிந்தது, புத்தகத்தைப் பத்து தடவை படித்தும் புரியவில்லை.

ஊர் டிரான்ஸ்பார்மர் இதைவிடப் பெரிய ஆச்சரியம். தமிழ்நாட்டில் 11,000 வோல்ட், சில பகுதிகளில் 22,000 வோல்ட் லைனில் வருகிற கரண்டை அது 433 வோல்ட்டாக இறக்குது. அதில் ஒரு ஃபேஸைத்தான் நம்ம வீட்டுக்குக் கொடுக்கறாங்க. உள்ளே ஊற்றியிருக்கிற எண்ணெய்க்கு இரண்டு வேலை. சூட்டை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கத் தகடுகளுக்குக் கொண்டுபோகும். மின்சாரம் தாவாமலும் தடுக்கும். பக்கத்தில் தொங்குகிற சின்னக் குப்பியில் நீல நிறக் கல் மாதிரி இருக்கும், அது சிலிகா ஜெல். உள்ளே போகிற காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறிவிடும்.

அந்த ‘ம்ம்ம்’ என்ற சத்தம் பேய் சத்தம் என்று சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துவாங்க. பேயும் இல்லை பிசாசும் இல்லை. நம்ம மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரும்புத் தகடு இரண்டு தடவை துளியூண்டு நீண்டு சுருங்குது. வினாடிக்கு 100 அதிர்வு. அதுதான் அந்த முனகல்.

பழசைக் காப்பாற்றியவர்கள்

1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் கம்பி சுற்றிச் சோதனை செய்தார். இன்றைக்குள்ள எல்லா டிரான்ஸ்பார்மருக்கும் அதுதான் பாட்டி. அந்த வளையம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் பத்திரமாக இருக்கு. அன்றைக்கு யாராவது ‘பழைய இரும்பு’ என்று எடைக்குப் போட்டிருந்தால்?

அமெரிக்காவில் கம்பத்தில் தொங்கும் உருண்டை டிரான்ஸ்பார்மருக்கு ‘கம்பத்துப் பன்றி’ என்று செல்லப் பெயராம். பழசானதை விலைக்கு வாங்கி, துடைத்து, பெயிண்ட் அடித்து, கொட்டகை போட்டு வைக்கிறதைப் பொழுதுபோக்காகவே சிலர் செய்றாங்க. ஜெர்மனியில் கிராமத்து டிரான்ஸ்பார்மர்களை உயரமான கோபுரக் கட்டடத்துக்குள் வைத்திருந்தாங்க. தேவை முடிந்த பிறகு சில கோபுரங்களை இடிக்காமல் ஆந்தைக்கும் வௌவாலுக்கும் வீடாக மாற்றிட்டாங்க.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய்ப் பாருங்க. காட்டிலும் மேட்டிலும் கிடந்த நடுகற்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருக்காங்க. கல்லுக்கு ஒரு இடம் கொடுத்ததால்தான் ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரர்களைப் பற்றி நமக்குத் தெரியுது. நம்ம ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்த இயந்திரத்துக்கும் ஒரு மூலை கொடுக்கக் கூடாதா?

மின்சாரக் கதையில் நம்ம காவிரிக்குப் பெரிய பங்கு இருக்கு. ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீர் அதற்கு மேலே கர்நாடகத்தில் சிவனசமுத்திரத்தைத் தாண்டித்தான் வருது. அங்கே 1902இல் நீர்மின் நிலையம் தொடங்கி, கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் அனுப்பினாங்க. அந்தக் காலத்தில் அது உலகமே வியந்த தூரம். நமக்குக் கீழே மேட்டூரில் 1934இல் அணை முடிந்தது, 1937இல் மின் நிலையம் வந்தது. அவ்வளவு தூரம் கரண்ட் போகக் காரணமே டிரான்ஸ்பார்மர்தான். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே சக்திக்கு மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு போதும். கம்பியில் வீணாகிற சூடு நூறில் ஒரு பங்காகக் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

“ஆபத்தாச்சே?” என்று கேட்பவர்களுக்கு

நியாயமான கேள்வி. நானே அதைத்தான் முதலில் யோசித்தேன்.

முதல் ஆபத்து கரண்ட். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். இந்தப் பக்கம் நம்ம வீட்டு கரண்டைக் கொடுத்தால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். வெளிநாட்டில் சிலர் அப்படிக் கொடுத்து மின்னல் விட்டு வேடிக்கை பார்க்கறாங்க. அதை நான் ஆதரிக்கவே மாட்டேன். பள்ளிக்கு வருகிற டிரான்ஸ்பார்மருக்கு ஒருநாளும் கரண்ட் கொடுக்கக் கூடாது. எல்லா முனைகளையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டி எர்த் பண்ணிடணும்.

இரண்டாவது எண்ணெய். மூட்டுவலிக்கு டிரான்ஸ்பார்மர் எண்ணெய் நல்லது என்று எங்க ஊரில் சில பாட்டிமார் தடவறாங்க. தயவுசெய்து வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்க. மிகப் பழைய சில டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு கலந்திருக்கும். அது உடம்பிலும் மண்ணிலும் எளிதில் அழியாது. 2001இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி அதை ஒழிக்க ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியா 2006இல் அதை ஏற்றுக்கொண்டது. 2016இல் மத்திய அரசும் பிசிபிக்குத் தடை ஆணை போட்டது. அதனால் எண்ணெயைச் சோதித்து, முழுசாக வடித்து, துடைத்த பிறகுதான் நம்மிடம் வரணும். அந்த வேலையைத் தெரிந்தவர்கள்தான் செய்யணும், நாம் இல்லை.

மூன்றாவது திருட்டு. பழைய டிரான்ஸ்பார்மரைச் சேகரிப்பது வேறு, போஸ்ட்டில் இருப்பதைச் சுரண்டுவது வேறு. ராத்திரியில் எண்ணெயையும் செம்பையும் திருட ஏறுகிறவர்கள் உயிரையே விடறாங்க. ஊருக்கும் நஷ்டம். எங்க ஊரில் ஒரு கோடையில் யாரோ எண்ணெயைத் திருடிட்டாங்க. காயில் சூடாகி எரிந்துபோச்சு. மாற்றுகிற வரைக்கும் மோட்டார் ஓடலை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய தக்காளி செடியிலேயே வாடிச்சு. 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருக்கு. கரண்ட் இலவசமா இருந்து என்ன, டிரான்ஸ்பார்மர் இல்லைன்னா தண்ணீர் வருமா? உள்ளே இருப்பது என்ன, அது எப்படி வேலை செய்யுது என்று ஊருக்கே தெரிந்திருந்தால், அந்தப் பெட்டியைத் தன் பொருளாக நினைத்து ஊரே காவல் காக்கும் என்பது என் கருத்து.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி டிரான்ஸ்பார்மர்?” என்றும் கேட்டாங்க. ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் டார்ச் எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போகிறது எங்க அம்மாதான். ஸ்டார்ட்டரைத் தொடுகிற கைக்கு அதன் பின்னால் என்ன இருக்கு என்று தெரிய வேண்டாமா?

என் யோசனை

1. அது மின்வாரியச் சொத்து. அதனால் தலைமையாசிரியர் வழியாக மின்வாரிய அலுவலகத்துக்கு முறையாகக் கடிதம் எழுதணும். ‘உபயோகமற்றது’ என்று கழித்ததில் சிறியது ஒன்று போதும்.

2. சும்மா தர முடியாது என்றால் எடைக்கு என்ன விலையோ அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து கட்டலாம்.

3. வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பலகை பொருத்தணும். அப்போதுதான் தகடும் சுருளும் தெரியும். எண்ணெய் வடித்து, கழுவிக் காய்ந்த பிறகே வெட்டணும்.

4. சிமெண்ட் மேடை, மேலே சீட்டு, சுற்றிலும் வேலி. பல நூறு கிலோ எடை என்பதால் கிரேன் இல்லாமல் யாரும் நகர்த்தக் கூடாது.

5. ஒவ்வொரு பாகத்துக்கும் தமிழில் பெயர்ப் பலகை. இந்த வேலையை நாம் செய்வோம். நம்ம கையெழுத்து அழகு என்று இந்தச் சுவரே சொல்லுதே!

நம்ம பள்ளியில் இடம் இல்லை என்றால் தருமபுரியில் ஏதாவது ஒரு பள்ளியில் வைக்கட்டும். நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் கெட்டுப்போன டியூப்லைட் சோக், பழைய ரேடியோ எலிமினேட்டர், ஸ்டெபிலைசர் இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டுவாங்க. பிளக்கையும் ஒயரையும் வெட்டி எடுத்துவிட்டு, அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது பிரித்துப் பார்க்கலாம். அதற்குள்ளேயும் அதே தகடு, அதே செம்புச் சுருள்தான். அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதினால் அறிவியல் கண்காட்சிக்கும் ஆச்சு.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் ரோட்டோர டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் போகாதீங்க. கயிறு, கம்பி, பட்டம் எதையும் அதன்மேல் எறியாதீங்க.

தூர நின்று பார்ப்போம்! துணிந்து கேள்வி கேட்போம்!

உங்கள் கருத்து என்ன? ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்க. அடுத்த இதழில் ஒட்டுவோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி