ஆசனப்பட்டி சொன்ன கதை

யட்டவத்தையில் வாழும் எம் நண்பரொருவர், "மாத்தளையில் ஒரு கெப் வண்டி விலைக்கு இருக்கிறது, பார்த்துவர நீங்களும் கூட வர வேண்டும்" என்று சென்ற மாதம் எம்மை அழைத்தார். மோட்டார் சாஸ்திரத்தில் எமக்குள்ள பாண்டித்தியம், டயரில் காற்றில்லை என்பதைக் கண்ணால் கண்டு சொல்லும் அளவினதே. எனினும் புறப்பட்டோம்.

நண்பருக்கு வண்டி ஆடம்பரப் பொருளன்று. தம் தோட்டத்து மிளகையும் கராம்பையும் அயலார் தரும் மூடைகளையும் வாடகை லொறியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பி, கிடைக்கும் இலாபத்திற் பாதியைக் கூலியாகக் கொடுத்து வருபவர் அவர். சேமிப்போடு மனைவியின் வளையல்களையும் சேர்த்துத்தான் இந்த முயற்சி. அந்த அம்மையார் விதித்த நிபந்தனை ஒன்றே: "மெக்கானிக் அண்ணன் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வளையலைக் கழற்றுவேன்."

பழைய வண்டிக்கு இத்தனை விலையா என்று வாசகர்கள் வினவலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உள்ள வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. உடைந்ததும் நனைந்ததும் செப்பனிடப்பட்டு, நல்லவற்றோடு ஒரே வரிசையில் நின்றன.

நாம் பார்த்த வண்டியோ மணப்பெண் போல் மினுங்கியது. புதுப்பூச்சு, புது ஆசன உறை, உள்ளே மல்லிகை வாசனை. நாம் மயங்கியே போனோம். மெக்கானிக் மட்டும் முகஞ்சுளித்தார். "இவ்வளவு வாசனை எதற்கு ஐயா?" என்றவர், சாரதியின் ஆசனப்பட்டியைப் பற்றி இழுத்தார். வழக்கமாக நாம் இழுக்கும் அளவோடு நிறுத்தாமல், சுருளின் அடிவரை இழுத்தார். அடிப்பகுதியில், குளத்துப் படியில் நீர் வற்றிய அடையாளம் போல, ஒரு பழுப்புக் கோடு! பின்னர் கால்விரிப்பைத் தூக்கினார். மூலையில் நுண்ணிய வண்டல். ஆசனத்தை இறுக்கும் ஆணிகளில் துரு. மின்கம்பிகள் கூடும் முனைகளில் பச்சைக் களிம்பு. வண்டி இடுப்பளவு வெள்ளத்தில் நின்றிருக்கிறது. எந்த ஆற்று வெள்ளம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

நாம் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினோம். எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், நிறம், உற்பத்தி ஆண்டு, முந்திய உரிமையாளர் என யாவும் இருந்தன. விபத்து, வெள்ளம் என்பவற்றுக்கு அதிலே ஓர் இடமில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தது. அது புகையைச் சோதிக்கும், அடிச்சட்டத்தையோ மின்கம்பியையோ சோதிப்பதில்லை. பலர் கையொப்பமிட்ட மாற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டே வண்டியை விற்றுவிடுவதால், இடையில் ஆண்டவர்களின் பெயர்கள்கூடப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

அமெரிக்க மாநிலங்களில் வழக்கம் வேறு. செப்பனிடும் செலவு வண்டியின் பெறுமதியோடு போட்டியிடுமாயின், காப்புறுதிக் கம்பனி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்து வண்டியைத் தான் எடுத்துக்கொள்ளும். அப்போது உரிமைப் பத்திரத்திலேயே அது சேதமடைந்த வண்டி என்ற முத்திரை விழும். பிரித்தானியாவில் 2017 முதல் ஏ, பி, எஸ், என் என நான்கு வகுப்புகள்: முதலிரண்டும் மீண்டும் வீதிக்கு வரலாகாது, எஸ் என்றால் அடிச்சட்டம் முதலான கட்டமைப்பிற் சேதம், என் என்றால் அஃதல்லாத சேதம். ஜப்பானிய ஏலத்திலும் விபத்திற் சிக்கிச் செப்பனிட்ட வண்டியின் தாளில் ஆர் என்ற எழுத்து இடப்படுவதுண்டு. அந்தத் தாள் இங்கே மூன்றாவது கைக்கு வருமுன் காணாமற்போவதே வழக்கம்!

முத்திரை இருந்தால் மோசடி இல்லை என்று சொல்லவும் துணியோம். 2005இல் கத்ரீனா சூறாவளியில் மூழ்கிய வண்டிகள் பல, விதி தளர்ந்த வேறு மாநிலங்களிற் பதியப்பட்டு முத்திரை கழுவப்பட்டு விற்பனையாயின. இங்கோ கழுவுவதற்கே முத்திரை இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் நாடெங்கும் நனைந்த வண்டிகள் இனி எந்தெந்த வாசலில் மல்லிகை மணத்தோடு நிற்குமோ!

செப்பனிட்ட வண்டி யாவும் தீது என்பது எம் கருத்தன்று. கதவு நசுங்கியது மாற்றப்பட்டிருந்தால் பாதகமில்லை. விலையைக் குறைத்து வாங்கலாம். அடிச்சட்டம் வளைந்து பற்றவைக்கப்பட்டதும், நீர் குடித்த மின்கம்பியும் வேறு கதை. மூடைகளோடு மலைப்பாதையில் இறங்கும்போது எது எப்போது கைவிடும் என்று எவரும் சொல்ல இயலாது. எதிரே பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்.

மெக்கானிக் கண்டதை விற்பவரிடம் சொன்னோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ வெகுநேரம் பேசாதிருந்து, "இரண்டு வருஷம் என்னிடம் இருக்கிறது ஐயா. மழை நாளில் விளக்கு அணையும், ஹோர்ன் தானாக அடிக்கும். ஏனென்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கடன் வாங்கி நல்ல விலை கொடுத்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் மட்டும் சொல்லி நட்டப்பட வேண்டுமா?" என்று கேட்டார்.

விற்பனைப் பத்திரத்தில் உள்ளதை எழுதி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள் என்றோம். சொல்வது எமக்கு எளிது, கடன் அவருடையது. "யோசிக்கிறேன்" என்றார். நண்பர் கைகூப்பி விடைபெற்றார். திரும்பும் பஸ்ஸில் அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் காத்திருந்த அம்மையார், கணவரின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேளாமல் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார். வளையல்கள் கையிலேயே இருந்தன.

மறுவாரம் அவ்வழியாக நாம் செல்ல நேர்ந்தது. வாசலில் வண்டி இல்லை. வாங்கியவருக்கு ஆசனப்பட்டியை அடிவரை இழுத்துக் காட்டினாரா என்று கேட்க இறங்கினோம்; வீடு பூட்டியிருந்தது.