பால் பவுடரும் பார்சல்தான்: அலாஸ்காவின் தபால் விமானக் கணக்கு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சுமார் 80 சதவீத ஊர்களுக்கு வெளியிலிருந்து ரோடே கிடையாது. கோடையில் சரக்குப் படகு வரும். ஆறு உறைந்துவிட்டால் டயப்பர், பால் பவுடர், குளிர்பானம் எல்லாமே பறந்துதான் வரணும்.

சரி, இதுக்கு யார் காசு கொடுக்குறாங்க? பெரிய பங்கு தபால் துறை. 1970-களில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 'பைபாஸ் மெயில்' என்று பெயர். ஆங்கரேஜில் இருக்கும் மொத்த வியாபாரி, குறைந்தது 1,000 பவுண்டு (சுமார் 450 கிலோ) சரக்கைக் கட்டி நேராக விமான நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார். தபால் நிலையப் பக்கமே அது போகாது. ஆனாலும் கணக்கில் பார்சல்! பெத்தேல், நோம் மாதிரி ஊர்கள் வரை பெரிய விமானம், அங்கிருந்து கிராமங்களுக்குக் குட்டி விமானம். அனுப்புபவர் கட்டுவது பார்சல் கட்டணம். விமானச் செலவில் மிச்சம் தபால் துறை தலையில்.

பல கோடி டாலர் நஷ்டம் என்று வாஷிங்டனில் அவ்வப்போது குரல் எழும். நஷ்டம் உண்மைதான். ஆனால் ரோடு போட்டால் லாபம் வருதா என்று யாரும் கேட்பதில்லையே?

2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடியில் ராவ்ன் ஏர் திவால் மனு போட்டு விமானங்களை நிறுத்தியது. 100-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போய்வந்த நிறுவனம் அது. மற்ற சின்ன நிறுவனங்கள்தான் தபாலையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டன. இவை ஓடுவதற்குத் தபால் வருமானம் முக்கியம்.

குளிர்பானத்துக்கும் பால் பவுடருக்கும் ஒரே சலுகை எதுக்கு என்று கேட்கலாம், கட்டணத்தைத் திருத்தலாம். திட்டத்தையே நிறுத்தினால், அந்தச் செலவு கிராமத்துக் கடையில் பால் பவுடர் விலையில் ஏறிவிடும்.