பலூன் வைத்தால் ஊசி தள்ளுபடியாம்!



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விளம்பரம் சுற்றியது. எடை குறைக்கும் ஊசியும் இரைப்பைக்குள் வைக்கும் பலூனும் சேர்ந்து ஒரே பேக்கேஜ். கல்யாண சீசன் தள்ளுபடி வேறு. கீழே பதினேழு பேர் "விவரம் அனுப்பு" என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் நாலு பேர் நான் கைபிடித்து எழுத வைத்த பிள்ளைகள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் கூட்டல் கணக்கு சரியா தப்பா என்று பார்க்க அது போதும்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. செமாக்ளூடைட் ஊசி பற்றி 2021-ல் வந்த பெரிய ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. சர்க்கரை, மூட்டுவலி, குறட்டை என்று அவதிப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். உடல் பருமன் ஒரு நோய், சோம்பேறித்தனம் இல்லை. "வாயைக் கட்டினால் போதும்" என்று விசேஷ வீட்டில் அந்தப் பெண்களை அழ வைக்கும் அத்தைமார்களும் சித்திமார்களும் தயவுசெய்து சும்மா இருங்கள். பாதி பேர் அந்த விளம்பரத்துக்குப் போவதே உங்கள் வாய்க்குப் பயந்துதான்.

பலூன் என்பது மென்மையான ஒரு பை. உள்ளே போனதும் அரை லிட்டருக்கு மேல் உப்புநீர் நிரப்புவார்கள். இரைப்பையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நாலு மாதமோ ஆறு மாதமோ அங்கேயே கிடக்கும். அதனால் சராசரியாக எடையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இதுவும் புதுசு இல்லை. 1985-லேயே அமெரிக்காவில் ஒரு பலூனுக்கு அனுமதி கொடுத்து, சில வருடங்களிலேயே அதன் விற்பனை நின்றுபோனது. இப்போதிருப்பவை அதைவிட எவ்வளவோ மேல். இருந்தும் 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, நீர் நிரப்பிய பலூன் வைத்த ஐந்து பேர் ஒரு மாதத்துக்குள் இறந்ததைச் சொல்லி மருத்துவர்களை எச்சரித்தது. பலூன்தான் காரணம் என்று அது தீர்ப்பு எழுதவில்லை. அந்த விளம்பரத்தில் இதில் ஒரு வரியாவது இருந்ததா?

இப்போது கூட்டலுக்கு வருகிறேன். 15-ம் 10-ம் 25 என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ஊசி மூளையில் பசியை அடக்குகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. பலூனும் அதே இரைப்பையை மெதுவாக்குகிறது. ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் பலன் இரட்டிப்பாகாது, கொஞ்சம் கூடலாம். ஆனால் வாந்தி? பலூன் வைத்த முதல் சில நாள் குமட்டலும் வாந்தியும் சகஜம். ஊசி தொடங்கும்போதும் அதேதான். இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் வாந்தி எதனால் வருகிறது, எதை நிறுத்துவது என்று டாக்டரே குழம்புவார். அதற்குள் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். கணைய அழற்சி வரலாம் என்ற எச்சரிக்கை இரண்டுக்குமே இருக்கிறது. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று. முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது என்கிறாள் ஒருத்தி. செமாக்ளூடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, முழு அளவான 2.4-க்கு வரவே 16 வாரம் ஆகும். தாலி கட்டியாகிவிடும் கண்ணு! அவசரப்பட்டு அளவை ஏற்றினால்தான் ஆஸ்பத்திரிப் படுக்கை.

நிறுத்திய பிறகு? ஊசியை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டதாக அந்த ஆய்வின் தொடர்ச்சியே சொல்கிறது. ஆறு மாதத்தில் பலூனும் வெளியே வந்துவிடும். பேக்கேஜ் முடியும், பில் கட்டியாச்சு, அப்புறம் உன் பாடு.

இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. பலூனை எடுத்த பின் எடை ஏறாமலிருக்க ஊசி தொடங்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் அது ஒரு நோயாளியை உட்கார வைத்துப் பேசி எடுக்கும் முடிவு. ஆடித் தள்ளுபடி போல எல்லோருக்கும் ஒரே விலைப் பட்டியலா? 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. அந்த நோய்க்கு மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. எழுபது வருடத்துக்கு முன்பே யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். நாமோ அதை ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம்.

ஏற்கெனவே பலூன் வைத்துக்கொண்டவர்களுக்கு: வாந்தி நிற்காவிட்டால், வயிற்றுவலி முதுகுக்குப் பாய்ந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். பலூனை எடுக்கும் நாளுக்கு முன்பே, ஊசி போடுகிறீர்கள் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வயிற்றில் சாப்பாடு தங்கியிருந்தால் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.