அளவெடுக்காமல் மாட்டிவிடும் கண்ணாடி

மதுரையில் பொருட்காட்சி ஸ்டாலோ, மாலில் இருக்கும் கேம் கடையோ, எங்கே போனாலும் மெய்நிகர் உலகைக் காட்டும் வி.ஆர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மொதத் தடவ அப்படித்தான் இருக்கும், பழகினா சரியாயிரும்." கழற்றியது பெண்ணாக இருந்தால் கூடவே ஒரு சிரிப்பு: லேடீஸுக்கு இது ஒத்துக்காதாம். முதல் பேச்சு அரைகுறை; இரண்டாவது அநியாயம்.

கருவிக்குள் இருப்பவை இரண்டு லென்ஸ்கள். ஒவ்வொன்றின் மையமும் அதனதன் கண்மணிக்கு நேரே நிற்க வேண்டும். கண்மணிகளுக்கு இடையிலான தூரம், கண்ணாடிக் கடைக்காரர் மொழியில் பி.டி., பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் 55 இருப்பவரும் உண்டு, 72 இருப்பவரும் உண்டு. 2019இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் எஸ் என்ற வி.ஆர். கருவியில் லென்ஸை நகர்த்தவே முடியாது, 63.5 என்று முடிவுகட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த குவெஸ்ட் 2இல் 58, 63, 68 என மூன்றே நிலைகள். கூட்டம் சேர்ந்த ஸ்டாலில் அதையும் யார் தொடுகிறார்கள்? முன்னால் போட்டவரின் அளவிலேயே அடுத்தவர் தலைக்கு ஏறுகிறது. மையம் விலகினால் படம் மங்கும், இரண்டு படங்களை ஒன்றாக்கக் கண்கள் திணறும், நெற்றி வலிக்கும், குமட்டும்.

பெண்களுக்குச் சராசரி பி.டி. ஆண்களைவிடக் குறைவு. அமெரிக்காவில் கே ஸ்டேனி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்குக் கூடுதலாகக் குமட்டுவதற்கு இந்தப் பொருத்தமின்மையே முதன்மைக் காரணம் என்று காட்டியது. கருவி பொருந்திய பெண்களுக்கும் ஆண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொண்டையும் மல்லிகைச் சரமும் வைத்த தலையில் பின்பட்டை எங்கே உட்காரும் என்று யோசிக்காமல் செய்த கருவிக்கு, லேடீஸைக் குறை சொல்ல என்ன தகுதி?

இன்னொரு இலவச ஆலோசனை: "திரை கண்ணுக்குப் பக்கத்துலதான இருக்கு, பவர் கண்ணாடியக் கழட்டிருங்க." தப்பு. திரை பக்கத்தில் இருந்தாலும் லென்ஸ் அந்தப் படத்தை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளித்தான் காட்டுகிறது. மைனஸ் நான்கு பவர்காரருக்கு எல்லாமே கலங்கல்தான். பவர் கண்ணாடியோடு மாட்டினால் கண் லென்ஸிலிருந்து விலகிக் காட்சி சுருங்கும். மாறுகண்ணால் ஆழம் உணர முடியாதவருக்கு முப்பரிமாணம் முழுதாகத் தெரியாது. இவர்களில் யாருக்குப் பழகிச் சரியாகும்?

உடல் அசையாமல் இருக்க, கண்ணுக்கு மட்டும் ரோலர்கோஸ்டர் ஓடினால் பொருந்திய கருவியிலும் தலை சுற்றும். அது பழகப் பழகக் குறையவும் செய்யும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மூடிமறைக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். கம்பெனிகளுக்கு உண்மை தெரியாமல் இல்லை. 2024இல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ கண்ணை அளந்து லென்ஸைத் தானே நகர்த்திக்கொள்கிறது. பவர் லென்ஸும் தனியாக விற்கிறார்கள். வந்தபோது கருவியின் விலை 3,499 டாலர். அளவு பார்ப்பது பணக்காரர் கண்ணுக்கு மட்டும்!

"பழகினா சரியாயிரும்" என்ற பேச்சை மதுரைக்காரர்கள் நம்புவதுதான் விசித்திரம். முடக்குவாதத்தால் விரல் வளைந்துபோன டாக்டர் கோ. வெங்கடசாமி, தன் கைக்கேற்ற கருவிகளைச் செய்வித்து அறுவை செய்தவர்; 1976இல் இதே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அங்கே, கண்புரை அறுவைக்குக் கிராமத்து முகாமிலிருந்து பஸ்ஸில் வரும் பாட்டிக்கும், கண்ணின் நீளத்தை அளந்த பிறகுதான் உள்விழி லென்ஸின் பவரை முடிவு செய்கிறார்கள். "எல்லாருக்கும் ஒரே லென்ஸ், பழகிக்க பாட்டி" என்று யாரும் சொல்வதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குவெஸ்ட் கருவிகளைச் செய்யும் மெட்டா நிறுவனம் 2023இல் வயது வரம்பை 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. பத்து வயதில் பல பிள்ளைகளின் பி.டி., குவெஸ்ட் 2இன் மிகக் குறைந்த நிலையான 58ஐக்கூட எட்டியிருக்காது. வகுப்பறைக்கு வி.ஆர். வாங்கும் பள்ளிகள் விலையைக் கேட்கும்போதே லென்ஸ் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் வரை இறங்கும் என்றும் கேட்க வேண்டும்.

பி.டி. அளக்க மூக்கின்மேல் வைக்கும் ஒரு ஸ்கேல் போதும். ஆளுக்கு அரை நிமிடம். அதைக்கூடச் செய்யாத இடத்தில் தலை சுற்றினால் வெட்கப்படாதீர்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கள்.